மண்ணில் கிடைத்த வெள்ளி நாணயம்: சுத்தம் செய்யுமுன் படிக்கவேண்டியவை

என் மேசை இழுப்பறையில் ஒரு வெள்ளி நாணயம் கிடக்கிறது. புதுக் கரண்டி போலப் பளபளக்கும். அதைப் பார்த்தவர்களில் ஒருவர்கூட விலைக்குக் கேட்டதில்லை. மெட்டல் டிடெக்டருடன் நடக்கத் தொடங்கிய பிறகு எனக்குக் கிடைத்த முதல் வெள்ளி அதுதான். கரிக்கட்டை போல இருந்ததைக் கண்டு பதறி, அன்று இரவே பற்பசையும் பழைய பல்துலக்கியுமாக உட்கார்ந்து கால்மணி நேரம் தேய்த்தேன். கறுப்பு போயிற்று. அதோடு அரசரின் தலைமுடிக் கோடுகளும் போயின. மறுவாரம் நாணய வியாபாரி ஒருவரிடம் காட்டினேன். விளக்கின் கீழ் இரண்டு முறை சாய்த்துப் பார்த்தவர், ஒன்றும் சொல்லாமல் தராசில் வைத்து எடைக்கு என்ன விலையோ அதைச் சொன்னார்.

இரண்டாவது நாணயத்தை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தேன். காலையில் அது இளஞ்சிவப்பாக இருந்தது. மூன்றாவது லேசாக வளைந்திருந்தது. நிமிர்த்தப் பார்த்தேன்; காய்ந்த சுள்ளி போல இரண்டாக முறிந்தது. இந்த மூன்றுக்கும் பிறகு நான் கற்றுக்கொண்டு இன்றுவரை பின்பற்றும் வரிசையைக் கீழே தருகிறேன். இதில் வேலை குறைவு, காத்திருப்புதான் அதிகம். மண்ணை நீக்குவது மட்டுமே நம் வேலை. நாணயம் மின்ன வேண்டும் என்ற ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள்.

## 1. தோண்டிய இடத்தில் தேய்க்காதீர்கள்

பெரும்பாலான நாணயங்கள் வீட்டுக்கு வந்து கெடுவதில்லை. குழியோரத்திலேயே, கண்டெடுத்தவரின் கட்டைவிரலால் கெடுகின்றன. மண்ணில் இருக்கும் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, வெள்ளி 2.5 முதல் 3 வரைதான். ஆண்டு என்னவென்று பார்க்கும் ஆவலில் விரலால் ஒருமுறை துடைத்தாலே அது உப்புத்தாளில் உரசியதற்குச் சமம். எச்சில் தொட்டுத் துடைப்பதும், கால்சட்டையில் தேய்ப்பதும் அப்படியே.

மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் டப்பாக்கள் நாலைந்து எப்போதும் பையில் இருக்கட்டும். அடியில் கொஞ்சம் பஞ்சு வையுங்கள். ஒரு டப்பாவுக்கு ஒரு நாணயம். இரண்டை ஒன்றாகப் போட்டால் வீடு வந்து சேர்வதற்குள் ஒன்றையொன்று கீறிக்கொள்ளும். ஒட்டியிருக்கும் மண் அப்படியே இருக்கட்டும். ஈரமாக எடுத்ததை வெயிலில் காயவைக்காதீர்கள். காரின் முன்கண்ணாடிக்கு அடியிலும் வைக்காதீர்கள். களிமண் இறுகிக் காய்ந்துவிட்டால் பிறகு அதைப் பெயர்க்கும்போது மேற்பரப்பையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

டப்பாவின்மேல் எண் எழுதுங்கள். கைப்பேசியில் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், மண்ணின் வகை, அருகில் வேறு என்ன கிடைத்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை. வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் மூன்றாவது நாணயத்துக்கும் நான்காவதுக்கும் இடம் மாறிவிடும். எனக்கு மாறியிருக்கிறது.

ஒரே குழியில் இரண்டாவது நாணயமும் வந்தால் உடனே தோண்டுவதை நிறுத்துங்கள். அது பானையிலோ துணியிலோ முடிந்து வைத்த புதையலாக இருக்கலாம். பிசைந்த உருண்டைபோல ஒட்டியிருக்கும் நாணயங்களை எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். அவற்றுக்கு நடுவில் துணி இழைகளும் தோல் துணுக்குகளும் களிம்பில் ஊறிப் பிழைத்திருக்கும். எது மேலே, எது கீழே என்ற வரிசையும்கூடத் தொல்லியலாளருக்குச் செய்திதான். அவர்கள் வரும்வரை மண்ணால் லேசாக மூடிவிட்டுக் காத்திருங்கள்.

## 2. தண்ணீருக்கு முன் காகிதம்

பலர் தாண்டிப்போகும் படி இது. நானும் முதலில் தாண்டித்தான் போனேன்.

நிலத்தின் உரிமையாளரிடம் வாய்மொழி அனுமதி போதாது. எழுதி, தேதியிட்டு, கையெழுத்து வாங்குங்கள். கிடைப்பது யாருக்கு, எந்த விகிதத்தில் பங்கு என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். வெள்ளி வெளியே வந்த பிறகு இந்தப் பேச்சைத் தொடங்கினால் நட்பு நிலைக்காது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் டிடெக்டரை எடுத்துச் செல்லவே கூடாது.

அடுத்தது சட்டம். அது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996ஆம் ஆண்டின் சட்டம், ஒரே இடத்தில் கிடைத்த இரண்டோ அதற்கு மேற்பட்டதோ ஆன, 300 ஆண்டுகளைத் தாண்டிய வெள்ளி நாணயங்களைப் புதையலாகக் கருதுகிறது. 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். சில நாடுகளில் அனுமதியின்றித் தேடுவதே குற்றம். நீங்கள் இருக்கும் நாட்டின் விதி என்ன என்பதைத் தேடப் போவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

தெரிவிக்க வேண்டிய பொருள் என்றால் சுத்தம் செய்யாதீர்கள். மண்ணோடு அப்படியே ஒப்படையுங்கள். எடையும் படமும் குறிப்பிட்ட ரசீது வாங்காமல் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

உங்களிடமே இருக்கும் என்று உறுதியானால், தண்ணீரில் போடுவதற்கு முன் பதிவு ஒன்று தயாரியுங்கள். இரு பக்கமும், விளிம்பும், பக்கத்தில் ஓர் அளவுகோலுடன் படம் எடுங்கள். விளக்கை நேர்மேலே வைக்காமல் பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால் அழிந்த எழுத்துகூட நிழல் காட்டும். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் எடை, மில்லிமீட்டரில் விட்டம், இரண்டையும் குறியுங்கள். இந்த எடை எண் அடுத்த படியில் மீண்டும் தேவைப்படும்.

## 3. கையில் இருப்பது எப்படிப்பட்ட வெள்ளி?

நாணயத்தில் சுத்த வெள்ளி அரிது. கடினமாக்குவதற்குத் தாமிரம் கலப்பார்கள். வெள்ளி 92.5 சதவீதம், 90 சதவீதம், பாதிக்குப் பாதி என்று பல கலவைகள் உண்டு. தாமிரம் கூடக்கூடச் சிக்கலும் கூடும், ஏனென்றால் மண்ணில் முதலில் அரிபடுவது தாமிரம்தான். ஆகவே கலவை தெரியாமல் காய்ச்சி வடித்த நீரைத் தவிர எந்தத் திரவத்தையும் தொடாதீர்கள்.

முதலில் காந்தம். ஒட்டினால் அது வெள்ளி இல்லை. ஒட்டாவிட்டால் அடர்த்தியைப் பாருங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றித் தராசில் வைத்து எண்ணைச் சுழியாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்தான் நாணயத்தின் கன அளவு. உலர்ந்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். 5.80 கிராம் எடையுள்ள நாணயம் தண்ணீரில் 0.56 காட்டினால் அடர்த்தி 10.36, அதாவது 92.5 சதவீத வெள்ளிக்கு உரிய எண். சுத்த வெள்ளி 10.49, பாதித் தாமிரம் கலந்தது ஏறத்தாழ 9.7, வெறும் தாமிரம் 8.96. மண் ஒட்டியிருந்தால் எண் குறைவாகவே வரும், அதனால் இந்தச் சோதனையை நான்காம் படிக்குப் பிறகு இன்னொரு முறை செய்வது நல்லது. மிகச் சிறிய நாணயங்களில் இதை நம்பாதீர்கள், தராசு 0.01 தவறினாலே கணக்கு குப்புற விழுந்துவிடும்.

பிறகு நிறத்தைப் பாருங்கள். சீராகப் படர்ந்த கறுப்பு, பழுப்பு, நீலம் கலந்த சாம்பல் ஆகியவை வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த சில்வர் சல்பைடு. அது அழுக்கில்லை, நாணயத்தை ஒன்றும் செய்யாது. சேகரிப்பவர்கள் அதை விரும்பித் தேடுகிறார்கள். பச்சை என்றால் கலவையிலிருந்து வெளியேறிய தாமிரத்தின் களிம்பு. செம்பழுப்பு என்றால் தாமிர ஆக்சைடு. ஆரஞ்சுக் கறை பக்கத்தில் கிடந்த ஏதோ ஆணியின் துரு. கெட்டியான வெள்ளை சுண்ணாம்பு.

கவனிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது: மங்கிய சாம்பலும் ஊதாவும் கலந்து மெழுகுபோல, கொம்புபோலத் தோன்றும் படலம். அது சில்வர் குளோரைடு. உப்புள்ள மண்ணில் கிடந்த வெள்ளியில் வரும். நகத்தால் சுரண்டினால் வந்துவிடும் என்று தோன்றும். சுரண்டாதீர்கள். நாணயத்தின் மேற்பரப்பே அந்தப் படலமாக மாறியிருப்பதால் முகமும் எழுத்தும் அதற்குள்தான் இருக்கின்றன. அதை எடுத்துவிட்டால் அடியில் மிஞ்சுவது குழி விழுந்த தகடு.

உருப்பெருக்கியில் மயிரிழை விரிசல்கள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். நெடுங்காலம் புதைந்த வெள்ளி, துகள்களுக்கு இடையே அரிக்கப்பட்டு நொய்ந்துபோகும். வெளியே திடமாக இருக்கும், விரலால் அழுத்தினால் முறியும். என் மூன்றாவது நாணயம் அந்த வகை. வளைந்த நாணயத்தை நிமிர்த்த வேண்டாம். ஒலியைக் கேட்க மேசைமேல் சுண்டிப் போடவும் வேண்டாம்.

கடைசியாக, முலாம். பழங்காலத்துக் கள்ள நாணயங்களில் தாமிரக் கருவின்மேல் வெள்ளித் தகடு போர்த்தியிருப்பார்கள். மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ரோமானிய நாணயங்களில் கள்ளமே இல்லாமல், அரசு அச்சிட்டவற்றிலேயே வெள்ளி ஐந்து சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. மேலே வெறும் பூச்சுதான். விளிம்பிலோ ஒரு பொத்தலிலோ மட்டும் பச்சை தெரிந்தால் சந்தேகப்படுங்கள். இவற்றை எப்படித் தேய்த்தாலும் போவது வெள்ளி, நிற்பது தாமிரம்.

## 4. ஊறவையுங்கள். பிறகு இன்னும் ஊறவையுங்கள்

காய்ச்சி வடித்த நீரில்தான் ஊறவைக்க வேண்டும். குழாய் நீரில் குளோரின் இருக்கும்; அது வெள்ளியோடு சேர்ந்தால் மேலே சொன்ன சில்வர் குளோரைடைப் புதிதாக உண்டாக்கும். வாகன பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் போதும், மலிவும்கூட. ஆனால் வாங்கும்போது குப்பியின்மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். பேட்டரி அமிலமும் அதே அலமாரியில்தான் இருக்கும், அது கந்தக அமிலம்.

கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கிண்ணம், நாணயத்துக்கு ஒன்று. உலோகப் பாத்திரம் வேண்டாம். முதல் மூன்று நாள் தினமும் நீரை மாற்றுங்கள். பிறகு வாரத்துக்கு ஒருமுறை. மணற்பாங்கான மண் ஓர் இரவில் விட்டுவிடும். களிமண்ணுக்கு ஒரு வாரம் ஆகும். சுண்ணாம்பு ஏறியதற்கு ஒரு மாதம்கூட ஆகலாம். நீர் வெதுவெதுப்பாக இருக்கலாம், கொதிக்கக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு நீரில் விட்டு, பிறகு மூன்று முறை அலசுங்கள். விரிசல் கண்ட நாணயமானால் இந்த நீண்ட ஊறலும் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் எடுத்து, உலர்த்தி, எட்டாம் படிக்குப் போங்கள்.

மூன்றாம் நாள் வரும் சலிப்புதான் ஆபத்து. 'கொஞ்சம் தேய்த்துப் பார்ப்போமே' என்று கை துறுதுறுக்கும். நான் கிண்ணத்தை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, நீர் மாற்றும் நாட்களை நாட்காட்டியில் குறித்துவிடுவேன். கண்ணில் படாவிட்டால் கையும் போகாது.

## 5. குச்சி

பாதிக்கு மேற்பட்ட நாணயங்கள் நான்காம் படியோடு முடிந்துவிடும். எழுத்தைப் படிக்க முடிகிறதா, முகம் தெரிகிறதா? அப்படியானால் ஏழாம் படிக்குத் தாவுங்கள். மீதமிருந்தால் மட்டும் குச்சியை எடுங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி வேண்டும். செலவழிக்க வேண்டியது இதற்கும் தராசுக்கும்தான். மற்ற எல்லாம் சில்லறைச் செலவு. பல்குத்தும் மரக்குச்சி, சீவிய மூங்கில், ரோஜா முள் ஆகியவை வெள்ளியைவிட மென்மையானவை. ஊசி, ஊக்கு, பல் மருத்துவரின் எஃகுக் கொக்கி எதுவும் வேண்டாம். திறமையுள்ளவர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மைதான். அவர்கள் நூறு நாணயங்களைக் கெடுத்த பிறகு அந்தத் திறமையைப் பெற்றிருப்பார்கள்.

மடித்த துண்டின்மேல் நாணயத்தை ஈரத்தோடு வையுங்கள், விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். குச்சியின் நுனியை நீரில் நனைத்து, மண்கட்டியின் ஓரத்தில் ஊன்றி மெல்ல உருட்டுங்கள். இழுக்கவோ தேய்க்கவோ கூடாது. பெயர்ந்த துகளை உடனே நீர்விட்டு அலசுங்கள், இல்லாவிட்டால் அடுத்த உருட்டலில் அந்தத் துகளே கீறும். விளிம்பில் தொடங்கி வெற்றிடங்களை முடித்து, முகத்தைக் கடைசியில் தொடுங்கள். நுனி பிசிறியதும் புதுக் குச்சி. இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே அமர்வில் உட்காராதீர்கள். கண் களைத்த பிறகுதான் கை வழுக்கும்.

குழந்தைகளுக்கான மிக மென்மையான பல்துலக்கி சரிதான், ஆனால் ஒற்றி எடுக்க மட்டும். எழுத்துகளின் இடுக்கில் தங்கும் கறுப்பை விட்டுவிடுங்கள். எழுத்தைக் கண்ணுக்கு எடுத்துக் காட்டுவதே அந்தக் கறுப்புதான்.

## 6. வேதிப்பொருட்கள்: எவை, எவை அல்ல

அசிட்டோன் ஒன்றைத்தான் தயங்காமல் சொல்வேன். பசை, எண்ணெய், மோசமான பிளாஸ்டிக் உறையிலிருந்து இறங்கிய பச்சைப் பிசின் எல்லாவற்றையும் கரைக்கும், உலோகத்தைத் தொடாது. சுத்தமான அசிட்டோன் வேண்டும். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் நிறமும் கலந்திருக்கும். மூடியுள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் பதினைந்து நிமிடம், பிறகு புது அசிட்டோனில் ஒரு முறை முக்கி எடுங்கள். மிக எளிதில் தீப்பற்றும் திரவம் அது. பூஜ்ஜியத்துக்குக் கீழ் 20 பாகை செல்சியஸிலேயே அதன் ஆவி தீப்பிடிக்கப் போதுமானது. அடுப்பு, ஊதுவத்தி, சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். கறுப்பு போகவில்லையே என்று மீண்டும் மீண்டும் முக்காதீர்கள், அசிட்டோன் கறுப்பை எடுக்காது.

இனி வருபவை நீங்கள் எப்படியும் கேள்விப்படப் போகிறவை.

எலுமிச்சை, வினிகர், வேறு எந்த அமிலமும்: வேண்டாம். பச்சைக் களிம்பு கரைவதைக் கண்ணால் பார்க்கலாம் என்பதால் வேலை நடப்பதாகத் தோன்றும். ஆனால் செந்நிறத் தாமிர ஆக்சைடு அமிலத்தில் கரையும்போது, அதில் ஒரு பகுதி தாமிர உலோகமாகவே நாணயத்தின்மேல் படிந்துவிடும். என் இரண்டாவது நாணயத்தின் இளஞ்சிவப்பு வந்த வழி இது. மேற்பரப்பிலுள்ள தாமிரமும் கரைந்து வெளியேறி, நாணயம் கடற்பஞ்சுபோலப் பொடிக்குழிகளோடு நிற்கும்.

அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெந்நீரும்: இது உண்மையில் வேலை செய்யும், சிக்கலும் அதுதான். அலுமினியம் அரிபட்டு, சில்வர் சல்பைடு மீண்டும் வெள்ளியாக மாறும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் கந்தகம் வாயுவாக வெளியேறுகிறது என்று பொருள். கரண்டிக்கு நல்ல முறை. நாணயத்தில் நூறாண்டுகளாகச் சேர்ந்த படலம் ஒரு நிமிடத்தில் போய், சுண்ணாம்பு பூசியதுபோல உயிரற்ற வெண்மை மிஞ்சும். அதிகப் புழக்கத்தில் தேய்ந்த, விற்கப்போவதில்லை என்று தீர்மானித்த நாணயத்துக்குச் செய்யலாம். விரிசல் கண்டதற்கும் முலாம் பூசியதற்கும் கூடவே கூடாது.

முக்கி எடுத்தால் மின்னும் வெள்ளித் திரவங்கள்: பெரும்பாலானவற்றில் அமிலத்தோடு தயோயூரியா இருக்கும். அவை கறுப்போடு சேர்த்து வெள்ளியின் மேல்தோலையும் கரைக்கின்றன. ஒவ்வொரு முக்கலிலும் கொஞ்சம் ஒளி குறையும்.

அம்மோனியா: சில்வர் குளோரைடைக் கரைப்பதால் பலர் பரிந்துரைக்கிறார்கள். நாணயத்தின் மேற்பரப்பே அந்தக் குளோரைடுதான் என்பதை மேலே சொன்னேன். அதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு: வெள்ளி கரைந்த அம்மோனியாவை அப்படியே வைத்திருந்தாலோ காயவிட்டாலோ, லேசாகத் தட்டினாலே வெடிக்கும் கறுப்புப் பொருள் அதில் உருவாகலாம். அம்மோனியாவைப் பிளீச்சிங் திரவத்தோடு சேர்த்தால் நச்சு வாயு வேறு. வீட்டில் இந்த வேலை வேண்டாம்.

மின்னாற்பகுப்பு: இரும்புப் பொருட்களுக்குப் பழகியவர்கள் வெள்ளிக்கும் செய்கிறார்கள். மெல்லிய நாணயத்தில் எது அழுக்கு, எது நாணயம் என்று மின்சாரம் பார்ப்பதில்லை. உப்பு கலந்த நீரில் செய்தால் குளோரின் வாயு வரும்; எவர்சில்வர் கரண்டியை மின்முனையாக வைத்தால் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் நீரில் இறங்கும்.

மீயொலிக் குளியல் தொட்டி, அதாவது காதுக்குக் கேட்காத ஒலியால் நீரை அதிரவைத்துச் சுத்தம் செய்யும் கருவி, விரிசலைப் பெரிதாக்கும். பற்பசையைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். இழுப்பறையைத் திறந்து காட்டவும் தயார்.

பச்சைக் களிம்பு கெட்டியாக, முகத்தையே மறைத்து நிற்கிறது, நாணயமும் அரிய வகை என்றால் பழம்பொருட்களைச் சுத்தம் செய்து பாதுகாக்கும் நிபுணரிடம் கொடுங்கள். அவர்கள் பெரும்பாலும் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குவார்கள். வேலை தொடங்குமுன் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: மதிப்பீட்டுச் செலவும் அதன் உச்சவரம்பும், என்ன செய்யப்போகிறார், எந்தப் பொருளால் என்பது, எடையும் படமும் உள்ள ஒப்படைப்பு ரசீது. வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். முடிந்ததும் செய்த வேலையின் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். நாணயத்தை விற்கும் நாளில் அந்தத் தாளுக்கு மதிப்புண்டு. செலவு நாணயத்தின் விலையைத் தாண்டும் என்றால் களிம்போடு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

## 7. உலர்த்துதல்

கடைசியாக ஒருமுறை புது வடிநீரில் அலசுங்கள். பிசிறில்லாத பருத்தித் துணியில் ஒற்றியெடுங்கள், துடைக்காதீர்கள். பிறகு அசிட்டோனில் ஒரு முறை முக்கி எடுத்தால் இடுக்கிலுள்ள நீரை அது இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். நிழலில், காற்றோட்டத்தில் ஒரு முழு நாள் விடுங்கள். உலர்ந்ததும் எடை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்பதாம் படியில் தேவைப்படும். முடி உலர்த்தியின் சூட்டைக் காட்ட வேண்டாம்.

இதன் பிறகு வெறும் விரலால் முகத்தைத் தொடாதீர்கள். விரல் ரேகையில் உப்பும் கொழுப்பும் இருக்கின்றன. சில மாதங்களில் ரேகை அப்படியே கறுத்து நாணயத்தில் பதிந்துவிடும். நைட்ரைல் கையுறை போடுங்கள், அல்லது விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

## 8. வைப்பதும் விற்பதும்

மென்மையான, வளையும், புது மழைக்கோட்டு வாசமடிக்கும் பிளாஸ்டிக் உறைகள் பிவிசி. அவைதான் பச்சைப் பிசினின் ஊற்று. பாலியெஸ்டர், பாலிப்ரோப்பிலீன், பாலியெத்திலீன் என்று குறிப்பிட்ட உறைகளையே வாங்குங்கள். ரப்பர் வளையத்தில் கந்தகம் இருக்கும். அதை நாணயப் பொதியின்மேல் சுற்றாதீர்கள். கம்பளித் துணியும் செய்தித்தாளும் வேண்டாம், ஓக் மரப்பெட்டியும் வேண்டாம். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, நிறம் மாறும்போது மாற்றுங்கள். உறைக்குள் எண்ணும் கண்டெடுத்த தேதியும் எழுதிய சிறு அட்டை இருக்கட்டும். அனுமதிக் கடிதம், ரசீதுகள், முன்பும் பின்பும் எடுத்த படங்கள் எல்லாம் அதே எண்ணில் ஒரு கோப்பில் சேரட்டும்.

விற்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரமிடும் நிறுவனங்கள் முறைகேடாகச் சுத்தம் செய்யப்பட்ட நாணயத்துக்கு எண் தரம் கொடுப்பதில்லை. 'சுத்தம் செய்யப்பட்டது' என்ற குறிப்போடுதான் திருப்பி அனுப்புகின்றன. அதற்கும் கட்டணம் முழுதாகவே போகும், காப்பீட்டோடு கூடிய அஞ்சல் செலவு தனி. அதிகம் கிடைக்கும் நாணயங்களுக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது. விற்கும்போது நிலத்தின் அனுமதித் தாள் இல்லாவிட்டால், நேர்மையான வியாபாரி வாங்கத் தயங்குவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

## 9. ஒரு மாதம் கழித்து

டப்பாவைத் திறந்து உருப்பெருக்கியில் பாருங்கள். கரும்பச்சை அப்படியே இருந்தால் நல்லது. முன்பு இல்லாத இடத்தில் வெளிறிய பச்சைப் பொடி, மாவு தூவியதுபோலப் பூத்திருந்தால் உள்ளே குளோரைடு மிச்சமிருக்கிறது. ஈரம் கிடைக்கும்போதெல்லாம் அது தாமிரத்தைத் தின்றுகொண்டே இருக்கும். மற்ற நாணயங்களிலிருந்து அதை உடனே பிரியுங்கள். பொடியைக் குச்சியால் எடுத்துவிட்டு நான்காம் படிக்குத் திரும்புங்கள். இம்முறை ஒரு மாதத்துக்குக் குறையாமல். இரண்டாம் முறையும் பூத்தால் நிபுணரிடம் போகும் நேரம் வந்துவிட்டது.

பூக்காவிட்டால் தராசில் வைத்து, ஏழாம் படி முடிந்த நாளில் இருந்த எடையோடு ஒப்பிடுங்கள். அந்த நாளில் எடை எடுக்க மறந்திருந்தால் இன்றைய எண்ணை அட்டையில் தேதியோடு எழுதி, அடுத்த பார்வையை ஆறு மாதம் கழித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.